நதியா வளையலும் மோகன ராகமும்

'பூவே பூச்சூடவா' 1985இல் வந்தது. கோவில்பட்டியில் நான் அப்போது ஒன்பதாம் வகுப்பு. ஃபாசில் முந்தைய ஆண்டு மலையாளத்தில் எடுத்த படத்தையே அதே பத்மினி, அதே நதியாவை வைத்துத் தமிழில் எடுத்திருந்தார். நதியாவுக்குத் தமிழில் அதுதான் முதல் படம். எங்கள் ஊரில் படம் ஓடி முடிப்பதற்குள் பஸ் ஸ்டாண்டுப் பக்கத்து ஃபேன்சி ஸ்டோர்களில் எல்லாம் அவர் பெயர் தொங்க ஆரம்பித்துவிட்டது. நதியா வளையல், நதியா கம்மல், நதியா பொட்டு. வளையல் என்றாலே கண்ணாடி வளையல்தான் என்றிருந்த எங்களுக்கு, இரண்டு விரல் அகலத்தில் பட்டையாக, மஞ்சளும் பச்சையும் ஊதாவுமாக வந்த அந்தப் பிளாஸ்டிக் வளையல் பெரிய அதிசயம். உடைந்து கையைக் கிழிக்காது. ஒன்று போட்டாலே கை நிறைந்துவிடும்.

கோவில்பட்டி தீப்பெட்டி ஊர். எங்கள் வகுப்பில் பாதிப் பேர் பள்ளிக்கூடம் விட்டுப் போனதும் கட்டை அடுக்க உட்காருவார்கள், இல்லையென்றால் பெட்டி ஒட்டுவார்கள். மருந்தில் முக்குவதற்கு முன்னால் சட்டத்தின் வரிகளில் குச்சிகளை இடைவெளி பிசகாமல் அடுக்கி நிரப்புவதுதான் கட்டை அடுக்குவது. விரல் நுனி காய்த்துப்போகும். அந்தக் கூலியில் அம்மாவிடம் கொடுத்தது போக மிஞ்சிய சில்லறையைச் சேர்த்து வாங்கியதுதான் அந்த வளையல். 'சினிமாவைப் பார்த்துக் கெட்டுப்போன பிள்ளைகள்' என்று எங்கள் தலைமுறையைப் பற்றி யாராவது பேசினால் எனக்கு இன்றைக்கும் கோபம் வரும். தான் உழைத்த காசில் தனக்கென்று ஒரு நிறத்தைத் தேர்ந்தெடுப்பது அந்த வயதுப் பெண்ணுக்குச் சின்ன விஷயம் கிடையாது.

பள்ளிக்கூடத்தில் தாவணிச் சீருடை. நிறம் தேர்ந்தெடுக்க அங்கே வழியில்லை. அதனால் ஆசையெல்லாம் கைக்கும் காதுக்கும் கூந்தலுக்கும் போனது. ஹெச்.எம். பட்டை வளையலுக்குத் தடை போட்டார். ஒரு பக்கமாகத் தூக்கிக் கட்டிய குதிரைவாலுக்கும் தடை. இரட்டைச் சடை மடித்துக் கட்டி ரிப்பன் வைத்துத்தான் வர வேண்டும். பிரேயரில் கையை நீட்டச் சொல்லிப் பார்ப்பார்கள். ஒழுங்கு என்ற ஒன்று அவர்களுக்கும் வேண்டியிருந்தது, அது புரியாமல் இல்லை. ஆனால் தடை போட்ட அதே கட்டடத்தில்தான் அந்த ஆசையை எடுத்துப் பாடமாக மாற்றத் தெரிந்த டீச்சர்களும் இருந்தார்கள்.

தையலுக்கு ஒரு டீச்சர், பாட்டுக்கு ஒரு டீச்சர், படம் வரைய டிராயிங் சார். வாரத்துக்கு ஒன்றிரண்டு பீரியட்தான். பரீட்சையில் மார்க் கிடையாது. கணக்கு டீச்சரும் இங்கிலீஷ் டீச்சரும் அந்த பீரியடைக் கடன் கேட்டு வருவார்கள். தையல் டீச்சர் மட்டும் யார் கேட்டாலும் விட்டுத்தர மாட்டார். "என் பிள்ளைகளுக்கு ஊசி பிடிக்கத் தெரியணும்" என்று வாசலிலேயே சொல்லி அனுப்பிவிடுவார்.

தையல் ரெக்கார்டு நோட்டு என்று ஒன்று வைத்திருப்போம். காடாத் துணியில் ஓட்டுத்தையல், பின்தையல், சங்கிலித்தையல், காஜா, ஹெம்மிங் என்று ஒவ்வொன்றாகப் போட்டு, துண்டு வெட்டி, பக்கத்துக்கு ஒன்றாக ஒட்டி, கீழே பெயர் எழுத வேண்டும். என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள் அந்த நோட்டுக்குள் பத்திரிகையிலிருந்து வெட்டிய நதியா படம் ஒன்றை வைத்திருந்தாள். டீச்சர் நோட்டைத் திருத்தும்போது படம் கீழே விழுந்தது. வகுப்பே மூச்சுவிடவில்லை. ஹெச்.எம். அறைக்கு அனுப்பப்போகிறார் என்றுதான் நினைத்தோம். டீச்சர் படத்தை எடுத்து மேசை மேல் வைத்தார், கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்து பார்த்தார்.

"ஏட்டி, எல்லாரும் இங்க வாங்க. இந்தக் கைக்கு எவ்வளவு துணி பிடிக்கும், சொல்லுங்க பாப்போம்."

யாருக்கும் தெரியவில்லை. சட்டையின் அழகைத்தான் பார்த்திருந்தோமே தவிர, கை எங்கே வெட்டப்பட்டிருக்கிறது, சுருக்கு எங்கே தொடங்குகிறது என்று ஒருத்தியும் பார்த்திருக்கவில்லை. டீச்சர் பிரவுன் பேப்பரை விரித்தார். பஃப் கைக்கு மேல்பகுதியைச் சாதாரணக் கையைவிட மூன்று நான்கு அங்குலம் அகலமாக வெட்ட வேண்டும். வளைவை ஒட்டி இரண்டு வரி ஓட்டுத்தையல், நுனியில் முடிச்சுப் போடாமல். பிறகு இரண்டு நூலையும் சேர்த்துப் பிடித்து மெல்ல இழுக்க வேண்டும். துணி சுருங்கிச் சுருங்கி ஆர்ம்ஹோல் அளவுக்கு வந்து நிற்கும். அவசரப்பட்டு இழுத்தால் நூல் அறுந்துவிடும், மறுபடி முதலிலிருந்து. சுருக்கம் முழுவதும் தோள்மூட்டுக்கு நேரே குவிய வேண்டும். அக்குள் பக்கம் போனால் கையைத் தூக்கும்போது இடிக்கும். அடுத்த வாரம் ஆளுக்கொரு சின்னக் கை, பாதி அளவில், காடாத் துணியில் தைத்து ரெக்கார்டில் ஒட்டினோம். தலைப்பு 'பஃப் கை' என்றே எழுதச் சொன்னார். படத்தை அவளிடமே திருப்பிக் கொடுத்துவிட்டார்.

அன்றைக்குப் பிறகு நான் சினிமா பார்த்த விதமே மாறிப்போனது. கழுத்து வெட்டு தெரிந்தது, பைப்பிங் தெரிந்தது, பாவாடையில் எத்தனை மடிப்பு என்று எண்ணத் தெரிந்தது. ஊரில் சுடிதார் அப்போதுதான் தலைகாட்டியிருந்த காலம். டவுனுக்குள் யாராவது ஒரு பெண் அதைப் போட்டுக்கொண்டு போனால், நாங்கள் அவளைப் பார்ப்பதற்கு முன்னால் அந்தப் பேண்டின் கால் வெட்டைப் பார்த்தோம்.

டிராயிங் சாரும் இப்படித்தான். எங்கள் வீடுகளில் மாட்டியிருந்த காலண்டர் முருகனையும் மீனாட்சியையும் வரைந்த கொண்டைய ராஜு, 1976இல் மறையும் வரை எங்கள் ஊரில் வாழ்ந்தவர். அந்தப் படங்கள் சிவகாசியில் அச்சாகி ஊரெல்லாம் போயின. சார் பழைய காலண்டர் ஒன்றைக் கொண்டுவந்து பலகையில் மாட்டி, "சாமியை விடுங்க, பட்டு எங்க மடியுதுன்னு பாருங்க" என்பார். மடிப்பின் உள்ளே நிழல், விளிம்பில் ஒளி. தையல் வகுப்பில் நூல் இழுத்துச் சுருக்கிய கைகளுக்கு அந்த மடிப்பு சட்டென்று புரிந்தது. தீப்பெட்டி லேபிள்களையும் சேர்த்து வைத்திருந்தார். எங்கள் விரல் ஒட்டிய லேபிள்களை ஒருவர் ஓவியமாக எடுத்துக் காட்டியது அதுதான் முதல் தடவை.

பாட்டுக்கு வருகிறேன். அக்காமார் காலத்தில் தெற்குச் சீமைக்கே பாட்டு சொல்லிக் கொடுத்தது இலங்கை வானொலி. எங்கள் காலத்தில் கேசட். சவுதியில் மாமாவோ சித்தப்பாவோ இருந்த வீட்டில் ஒரு டூ இன் ஒன் இருக்கும். நாலைந்து பேர் காசு போட்டு அறுபது நிமிட வெற்று கேசட் ஒன்று வாங்கி, கோடு போட்ட தாளில் பாட்டுப் பட்டியல் எழுதி ரெக்கார்டிங் சென்டரில் கொடுப்போம். எந்தப் பாட்டைச் சேர்ப்பது, எதை விடுவது என்று வாக்குவாதம் சண்டையில் போய் முடியும். பட்டியலில் கிட்டத்தட்ட எல்லாமே இளையராஜா. அந்த வருடம்தான் சித்ரா தமிழில் வந்தார். பூவே பூச்சூடவா பாட்டால் 'சின்னக்குயில்' என்ற பெயரே அவருக்கு நிலைத்தது. கேசட் வந்ததில் பெரிய லாபம், ஒரே இடத்தைத் திரும்பத் திரும்ப ஓட்டிக் கேட்கலாம். வரிகளைத் தாண்டி இடையில் வரும் வயலினையும் புல்லாங்குழலையும் நாங்கள் பிரித்துக் கேட்கப் பழகியது அந்த ரீவைண்ட் பட்டனால்தான்.

பாட்டு டீச்சர் சரளி வரிசை, ஜண்டை வரிசை என்றுதான் தொடங்குவார். ஆர்மோனியத்தில் கட்டையைப் பிடித்து 'ஸா' சொல்லச் சொல்வார். ஐம்பது பேர் ஐம்பது சுருதியில் சொல்வோம். சலிக்கவே மாட்டார். ஒருநாள் அவர் கேட்டார்: "காலையில பிரேயர்ல தமிழ்த்தாய் வாழ்த்து பாடுனீங்களே, அது என்ன ராகம்?" தினமும் பாடுகிற பாட்டுக்கு ராகம் ஒன்று இருக்கும் என்றே எங்களுக்குத் தோன்றியதில்லை. மோகனம் என்றார். எம்.எஸ். விஸ்வநாதன் மெட்டுப் போட்டது. பாட்டை எழுதிய மனோன்மணீயம் சுந்தரனார் திருவனந்தபுரத்தில் பேராசிரியராக இருந்தவர் என்றும் சொன்னார். பலகையில் ஸ ரி க ப த என்று ஐந்து எழுத்து எழுதினார். அதற்குப் பிறகு அவர் செய்ததுதான் முக்கியம். 'பத்ரகாளி'யில் ஜேசுதாசும் சுசீலாவும் பாடிய தாலாட்டை வாய்க்குள் முனகிக் காட்டி, "இதுவும் அதேதான்" என்றார். மெதுவாக ஸ்வரமாகச் சொல்லிக் காட்டினார். இரண்டும் ஒரே ஐந்து எழுத்து. அன்று பள்ளிக்கூடம் விட்டதும் கேசட்டில் மோகனம் தேட ஆரம்பித்தோம். தப்புத்தப்பாகச் சொல்வோம், அவர் திருத்துவார், மறுநாள் வேறொரு பாட்டோடு போவோம்.

சினிமா என்றால் அவருக்கு இளக்காரம் கிடையாது. காருகுறிச்சி அருணாசலம் வாழ்ந்த ஊரில் எப்படி இருக்கும்? 1962இல் 'கொஞ்சும் சலங்கை'யில் அவர் நாதஸ்வரத்தோடு எஸ். ஜானகி பாடியதுதான் நாதஸ்வரத்தைச் சந்து பொந்தெல்லாம் கொண்டுபோனது என்று டீச்சர் பெருமையாகச் சொல்வார். ஆனால் 'சிந்து பைரவி' வந்தபோது அவரே கொஞ்சம் ஆடிப்போனார். சித்ராவுக்கும் இளையராஜாவுக்கும் தேசிய விருது வாங்கித் தந்த படம். அதில் நாட்டுப்புறப் பாட்டாகத் தொடங்கும் ஒன்று, தியாகராஜரின் 'மரி மரி நின்னே'யில் போய்ச் சேரும். அந்தக் கீர்த்தனை காம்போதியில் பாடிவந்தது. இளையராஜா அதைச் சாரமதியில் கொண்டுவந்திருந்தார். "காம்போதியை எடுத்துட்டு வேற போடலாமா?" என்று எங்களிடமே கேட்டார். எங்களுக்கு என்ன தெரியும். சில நாள் கழித்து வந்து பலகையில் சாரமதியின் ஆரோகணமும் அவரோகணமும் எழுதினார். ஏறும்போது ஏழு ஸ்வரம், இறங்கும்போது ஐந்து. "எந்தெந்த ரெண்டு விட்டுப்போச்சு, கண்டுபிடிங்க" என்றார். பஞ்சமமும் ரிஷபமும் என்று சொன்னவள் கட்டை அடுக்குகிற பிள்ளை. தீப்பெட்டி ஆபீஸில் ஓடும் ரேடியோவில் அந்தப் பாட்டை எத்தனை முறை கேட்டாளோ, அவள் காதில் இறங்குமுகம் அப்படியே பதிந்திருந்தது. டீச்சர் அவளைத் தட்டிக்கொடுத்தார்.

நதியா படத்தை நோட்டுக்குள் வைத்திருந்தவளும் அவள்தான்.

1986 அக்டோபரில் எங்கள் ஊர் திருநெல்வேலி மாவட்டத்திலிருந்து பிரிந்து சிதம்பரனார் மாவட்டத்துக்குப் போனது. நாங்கள் பத்தாம் வகுப்பு. அந்த வருட ஆண்டு விழாவுக்குப் பின்னல் கோலாட்டம் போட்டோம். நடுவில் உயரத்தில் ஒரு வளையம், அதிலிருந்து தொங்கும் வண்ணக் கயிறுகள், ஒவ்வொருத்தி கையிலும் ஒரு நுனி. ஒருத்தி உள்ளே புகுந்தால் அடுத்தவள் வெளியே. பாதிப் பேர் வலமாகவும் பாதிப் பேர் இடமாகவும் சுற்றச் சுற்ற மேலே ஜடை பின்னிக்கொண்டே வரும். பாட்டின் இரண்டாம் பாதியில் அதே அடியைத் திருப்பிப் போட்டு முடிச்சு விழாமல் அவிழ்க்க வேண்டும். ஒருத்தி ஒரு அடி தவறினாலும் கயிறு சிக்கிக்கொள்ளும், ஆட்டம் நின்றுபோகும். உடுப்புக்கு என்ன செய்வது என்று பேச்சு வந்தபோது தையல் டீச்சர் ஹெச்.எம்.மிடம் போய், "கை அசைவு தூரத்துலேர்ந்து தெரியணும், பட்டை வளையல் போட்டாத்தான் எடுப்பா இருக்கும்" என்றார். அனுமதி கிடைத்தது. சீருடை வெள்ளை ஜாக்கெட்டுகளுக்குப் பதில் வண்ண வாயில் துணியில் பஃப் கை வைத்து நாங்களே தைத்தோம். பள்ளியில் இருந்த மெஷின் இரண்டும் ராத்திரி வரை ஓடின. கையில் மஞ்சளும் பச்சையுமாக நதியா வளையலோடு மேடையேறினோம். கயிறு சிக்கவில்லை. கட்டை அடுக்கிப் பழகிய விரல்களுக்கு நுனியை எப்போது இறுக்குவது, எப்போது தளர்த்துவது என்று யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை.

ஆண்டு விழா மேடையில் சினிமாப் பாட்டு கூடாது என்ற விதி மட்டும் கடைசி வரை மாறவில்லை. 1988இல் 'அக்னி நட்சத்திரம்' வந்தது. மோகன வர்ணத்தின் முதல் சொல்லையே எடுத்துக்கொண்டு அதில் சித்ரா ஒரு பாட்டுப் பாடியிருந்தார். ஊரெல்லாம் அதுதான். நாங்கள் பன்னிரண்டாம் வகுப்பு; அதை மேடையில் பாடியே தீர வேண்டும் என்று டீச்சரைப் பிடுங்கி எடுத்தோம். அவர் மாட்டேன் என்றும் சொல்லவில்லை, சரி என்றும் சொல்லவில்லை. மூல வர்ணத்தையே கற்றுக்கொடுக்கத் தொடங்கினார். ராமநாதபுரம் பூச்சி ஸ்ரீனிவாச ஐயங்கார் செய்தது, ஆதி தாளம். "நீங்க கேக்குற பாட்டோட பாட்டி இது. இதைப் பாடுங்க, அதுக்கு அப்புறம் அது தானா வரும்" என்றார். மாதக்கணக்கில் சாயங்காலம் இருந்து பாடினோம். முதல் காலத்தில் நெளிந்தது, இரண்டாம் காலத்தில் மூச்சு முட்டியது. விழாவன்று முதல் அடி எடுத்ததுமே கூட்டம் சினிமாப் பாட்டு என்று நினைத்துக் கைதட்டியது. அடுத்த அடியில் அமைதியானது. சிட்டை ஸ்வரம் முடியும்போது தட்டிய கை வர்ணத்துக்கானது.

நதியா வளையல் எங்கள் பள்ளிக் காலம் முடிவதற்குள்ளேயே மவுசு இழந்துவிட்டது. வேறு ஏதேதோ வந்தன. அது இயல்பு, வந்துபோவதற்குத்தான் அதெல்லாம். அந்த மோகம் இருந்த சமயத்தில் அதைப் பிடித்து இழுத்துத் துணி வெட்டவும் ஸ்வரம் பிரிக்கவும் கற்றுக்கொடுக்க ஆள் இருந்ததுதான் எங்களுக்கு வாய்த்தது. பிள்ளைகள் இன்று ரீல்ஸில் ஒரு பாட்டுக்கு ஆடுகிறார்கள், கொரிய இசைக் குழுக்களைப் பார்த்துத் தலைமுடிக்குச் சாயம் பூச ஆசைப்படுகிறார்கள். ஆசையில் புதிதாக எதுவும் இல்லை. அதைப் பார்த்ததும் கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்து, "இதுக்கு எவ்வளவு துணி பிடிக்கும்?" என்று கேட்க ஒரு டீச்சர் அவர்கள் பள்ளியில் இருக்கிறாரா என்பதுதான் கேள்வி.

என் தோழிக்கு நடந்ததைச் சொல்கிறேன். பள்ளி முடித்ததும் அவள் தையலில் லோயர், ஹையர் இரண்டும் எழுதினாள். கோடை விடுமுறையில் நடக்கும் 42 நாள் டி.டி.சி. பயிற்சியையும் முடித்தாள். வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்துவிட்டு, வீட்டுத் திண்ணையில் மெஷினைப் போட்டு ஊருக்கெல்லாம் ஜாக்கெட் தைத்தபடி காத்திருந்தாள். பதிவைப் புதுப்பித்தாள், மறுபடி புதுப்பித்தாள், கல்யாணம் ஆனது, பிள்ளைகள் வளர்ந்தார்கள். 2012இல்தான் அழைப்பு வந்தது. ஓவியம், இசை, தையல், உடற்கல்வி, கணினி முதலிய பாடங்களுக்கு அரசு 16,549 பகுதிநேர ஆசிரியர்களை எடுத்தது. வாரத்தில் மூன்று அரை நாள், மாதம் 5,000 ரூபாய், மே மாதத்துக்குச் சம்பளம் கிடையாது. தொகுப்பூதியம் பிறகு 10,000, 12,500 என்று கூடியது. பணி நிரந்தரம் கேட்டுச் சென்னையில் நடந்த போராட்டங்களுக்கு அவளும் போய் உட்கார்ந்துவிட்டு வந்தாள்.

2022-23இல் அரசுப் பள்ளிகளில் கலைத் திருவிழா தொடங்கியது. வட்டாரம், மாவட்டம், மாநிலம் என்று போட்டிகள். வென்றவர்களுக்குக் கலையரசன், கலையரசி பட்டம். அவள் பள்ளிப் பிள்ளைகளுக்கு உடுப்பு தைத்தது அவள்தான். வெளிச்சத்தில் ஒரு கிராமத்துப் பிள்ளை நின்று ஆடுவதைப் பார்த்து அவள் அழுதுவிட்டதாகச் சொன்னாள். அந்தத் திருவிழா வேண்டும், நிச்சயம் வேண்டும். ஆனால் போட்டி, ஏற்கெனவே நன்றாகப் பாடுகிறவளைக் கண்டுபிடித்து மேடையேற்றும். ஐம்பது பேரும் ஐம்பது சுருதியில் 'ஸா' சொன்ன எங்கள் வகுப்பில் போட்டி வைத்திருந்தால் நாற்பத்தைந்து பேர் முதல் நாளே வெளியே போயிருப்போம். சலிக்காமல் உட்கார்ந்து அந்த ஐம்பதையும் ஒன்றாகச் சேர்த்தது, டைம் டேபிளில் இருந்த அந்த பாட்டு பீரியட். மேடைக்குப் போகாதவர்களுக்கும் அது இருந்தது. அந்தப் பீரியடுக்கு முழுநேர டீச்சர் இல்லாமல், அரை நாள் வந்துபோகும் ஒருவரை வைத்து எவ்வளவு தூரம் இழுக்க முடியும்?

உங்கள் பிள்ளையோ பேரப்பிள்ளையோ பள்ளிக்குப் போகிறார்கள் என்றால் அடுத்த முறை பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் ரிசல்ட்டைப் பற்றிக் கேட்டுவிட்டு இன்னும் ஒன்றையும் கேளுங்கள். பாட்டு பீரியட் எந்தக் கிழமை, தையலுக்கு மெஷின் ஓடுகிறதா, டிராயிங் டீச்சர் பணியிடம் நிரம்பியிருக்கிறதா என்று கேளுங்கள். பதில் வரவில்லையென்றால் தீர்மானப் புத்தகத்தில் எழுதச் சொல்லிக் கையெழுத்துப் போடுங்கள்.